'எளிய சிகிச்சை'யின் சமூக அடித்தளம்: பங்களாதேஷின் உப்பு-வெல்லக் கரைசல் பற்றிய ஒரு நோக்கு

1

குழந்தைகளின் வயிற்றோட்ட நோய் மருத்துவ பீடங்களுக்கு மாத்திரமே உரிய விடயம் என்ற கருத்து எமது புலமை வட்டாரங்களிற் பொதுவாக நிலவுகின்றது. ஆனால், ஒரு நோய்க்கான சிகிச்சை கண்டறியப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகியும், அச்சிகிச்சை விலையால் மிக மலிந்ததாக இருந்தும், அது தேவைப்படும் குழந்தைகளுட் பாதிப்பேருக்குத்தானும் கிட்டுவதில்லை எனின், அப்பிரச்சினை மருத்துவத்தின் எல்லையைக் கடந்து சமூகவியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. இக்கட்டுரை அந்த எல்லையில் நின்று எழுதப்படுவதாகும்.

1980ஆம் ஆண்டளவில் வளர்முக நாடுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 46 இலட்சம் பேர் வயிற்றோட்டத்தால் இறந்தனர் என மதிப்பிடப்பட்டிருந்தது. இன்று இத்தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 4,40,000 என உலக சுகாதாரத் தாபனம் கணக்கிடுகின்றது. இவ்வீழ்ச்சி சாதாரணமானதன்று. ஆயினும், எஞ்சிய இறப்புகளின் மிகப் பெரும்பகுதி சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலுமே நிகழ்கின்றது. அந்நாடுகளுக்குள்ளும் அவை ஏழைக் குடும்பங்களிலேயே குவிந்துள்ளன. நீரும், உப்பும், குளுக்கோசும் உரிய அளவிற் கலந்த வாய்வழி நீரேற்றக் கரைசலே இந்நோய்க்கான அடிப்படைச் சிகிச்சை. எமது நாட்டிற் பலர் இதனை 'ஜீவனி' எனும் பெயரால் அறிவர். உலக அளவில் நோயுற்ற குழந்தைகளுட் பாதிக்கும் குறைவானோரே இக்கரைசலைப் பெறுகின்றனர்.

இவ்வளவு மலிவான, இவ்வளவு எளிய சிகிச்சை ஏன் ஏழைக் குழந்தையைச் சென்றடைவதில்லை? இவ்வினாவுக்கு வழக்கமாகத் தரப்படும் விடை 'தாய்மாரின் அறியாமை' என்பதாகும். இவ்விடை போதாது எனவும், ஒரு சிகிச்சை எளிமையானதா இல்லையா என்பது அதனைக் கையாள்பவரின் வர்க்க நிலையைப் பொறுத்தே அமைகின்றது எனவும் நாம் கருதுகின்றோம். இதனை விளக்குதற்குப் பங்களாதேஷை எடுத்துக்கொள்கின்றோம். இச்சிகிச்சையின் வரலாற்றில் மிக முக்கியமான ஆய்வுகள் அம்மண்ணிலே நிகழ்ந்தன. அது மிகப் பரந்த அளவில் மக்களிடம் சென்றதும் அங்கேயே. வெற்றி பெற்ற இடத்தை ஆராயும்போதே வெற்றிக்கான நிபந்தனைகளும் அதன் எல்லைகளும் புலப்படும்.

2

முதலில் இச்சிகிச்சையின் அறிவியல் அடிப்படையைச் சுருக்கமாக நோக்குவோம். கடும் வயிற்றோட்டத்திற் குழந்தையின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் நீரிழப்பாகும். நீரும், சோடியம், பொற்றாசியம் முதலிய உப்புக்களும் உடலைவிட்டு விரைந்து வெளியேற, குருதியின் கனவளவு குறைந்து, குழந்தை சில மணிநேரத்துள் உயிராபத்தான நிலையை அடைகின்றது. வெறும் நீரைப் பருகக் கொடுத்தால் இழப்பு ஈடாவதில்லை. குடற் கலங்கள் குளுக்கோசையும் சோடியத்தையும் ஒருங்கே உள்ளிழுக்கின்றன என்பதையும், அவற்றைத் தொடர்ந்து நீரும் உட்செல்கின்றது என்பதையும் பின்னாளில் உடற்றொழிலியல் தெளிவுபடுத்தியது. இவ்விணைந்த கடத்தல் பற்றிய கருதுகோளை றொபேட் கிறேன் 1960இல் முன்வைத்தார். கொலராவின் நச்சு குடலின் வேறு பாதைகளைக் குலைத்தாலும் இப்பாதையைக் குலைப்பதில்லை. ஆகவே, உப்பும் இனிப்பும் சரியான விகிதத்திற் கலந்த நீர் வாய்வழியாகவே உயிரைக் காக்க வல்லது.

இதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்னரே, 1953இல், கல்கத்தாவைச் சேர்ந்த ஹேமேந்திரநாத் சட்டர்ஜி எனும் மருத்துவர், கொலரா நோயாளர் 186 பேருக்கு வாய்வழிக் கரைசல் கொடுத்துக் குணப்படுத்தியமை பற்றி 'லான்செற்' சஞ்சிகையில் எழுதியிருந்தார். மேலைநாட்டு மருத்துவ உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. அவரது ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இருக்கவில்லை என்பதும், உடற்றொழிலியல் விளக்கம் அப்போது வளர்ந்திருக்கவில்லை என்பதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. அவை நியாயமான காரணங்களே. எனினும், அவ்வாய்வு மையங்களுள் ஒன்றிலிருந்து வந்திருப்பின், அதனைச் சரிபார்க்க எவரும் முயலாது விட்டிருப்பரா என்ற வினா எழாமலிராது. அறிவுக்கும் மையமும் விளிம்பும் உண்டு.

அறிவின் உற்பத்தி அரசியலுக்கு வெளியே நிகழ்வதில்லை என்பதற்கு அடுத்த கட்டமும் சான்றாகும். 1960இல் டாக்காவில் நிறுவப்பட்ட கொலரா ஆராய்ச்சிக்கூடம், சீற்றோ எனப்பட்ட இராணுவக் கூட்டணியின் பெயரைத் தாங்கியே தோன்றியது. கெடுபிடி யுத்த காலத்தின் படைத்துறை அக்கறைகளும் அதன் பின்னணியில் இருந்தன. அங்கு பணியாற்றிய டேவிட் நலின், றிச்சாட் காஷ் ஆகியோரும் அவர்தம் வங்காளச் சகாக்களும் 1968இல் வெளியிட்ட ஆய்வு, வாய்வழிக் கரைசலால் நாளவழித் திரவத்தின் தேவையைப் பெருமளவு குறைக்கலாம் என்பதை முறைப்படி நிறுவியது. ஏகாதிபத்தியத்தின் தேவைகளுக்காக எழுந்த ஒரு நிறுவனத்திலிருந்தே உழைக்கும் மக்களுக்கு மிகப் பயன்படும் அறிவு பிறந்தமை வரலாற்றின் முரண்களுள் ஒன்றாகும்.

அவ்வறிவை ஆய்வுகூடத்திலிருந்து வெளியே கொணர்ந்தது 1971ஆம் ஆண்டின் பேரவலமாகும். கிழக்குப் பாக்கிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் இந்தியாவுக்குள் அகதிகளாகச் சென்றனர். மேற்கு வங்காளத்தின் பொங்காவ் பகுதியிற் கொலரா பரவியபோது நாளவழித் திரவம் தீர்ந்துபோயிற்று. திலீப் மகலனாபிஸ் எனும் மருத்துவரும் அவரது குழுவினரும் குளுக்கோசு, கறியுப்பு, சோடியம் இருகாபனேற்று ஆகியவற்றைக் கலந்து, பெரிய கலன்களிற் கரைத்து, நோயாளரின் உறவினர் கைகளிலேயே ஒப்படைத்தனர். ஏறத்தாழ 30 வீதமாக இருந்த இறப்பு, கரைசல் வழங்கப்பட்டோரிடையே 3.6 வீதமாகக் குறைந்தது. அதுவரை மருத்துவரும் தாதியும் மட்டுமே கொடுத்துவந்த சிகிச்சை, தட்டுப்பாட்டின் நிர்ப்பந்தத்தால் தாயினதும் தமக்கையினதும் கைக்கு மாறியது. மருத்துவ உயர்குழாத்தின் ஏகபோகம் அங்கு ஒரு தேவையின் முன் தகர்ந்தது எனலாம்.

3

சுதந்திர பங்களாதேஷில் இவ்வறிவை வீடுகளுக்கு எடுத்துச் சென்றது, பஸ்லே ஹசன் அபெட் தொடக்கிய பிராக் எனும் அமைப்பாகும். கிராமத்து வீடுகள் அனைத்துக்கும் பொதிகளை உற்பத்திசெய்து விநியோகிக்கும் வசதி அன்று இருக்கவில்லை. ஆகவே, வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டே கரைசலைத் தயாரிக்கும் முறை வகுக்கப்பட்டது. அரைச் சேர் நீர், மூவிரல் நுனியால் எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம் என அளவு கருவிகள் யாவும் தாயின் உடலிலும் அடுக்களையிலுமே இருந்தன. 1979இற் சுல்லாப் பகுதியில் முன்னோடித் திட்டம் நடந்தது. 1980 முதல் 1990 வரை பெண் பணியாளர்கள் கிராமம் கிராமமாக நடந்து, ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகளில் ஒவ்வொரு தாயையும் நேரிற் சந்தித்துக் கற்பித்தனர்.

இத்திட்டத்தின் ஊதிய முறை தனியே கவனிக்கத்தக்கது. பணியாளர் சென்று சில வாரங்களின் பின் மேற்பார்வைக் குழுவினர் சில வீடுகளைத் தெரிந்தெடுத்து, தாய் எத்தனை விடயங்களை நினைவிற் கொண்டுள்ளார் எனக் கேட்டறிந்தனர். அவர் தயாரித்த கரைசலையும் பரிசோதித்தனர். அப்பெறுபேற்றுக்கு ஏற்பவே பணியாளருக்கு ஊதியம் வழங்கப்பட்டது. இது துண்டுக்கூலியின் ஒரு வடிவமே. துண்டுக்கூலி உழைப்பைக் கசக்கிப் பிழியும் கருவி என மார்க்ஸ் 'மூலதன'த்தில் விளக்கியிருப்பதை நாம் அறிவோம். அதேவேளை, தாய் விளங்கிக்கொள்ளும் வரை ஆசிரியர் பொறுப்பிலிருந்து நீங்கமுடியாது என்ற நிலையையும் அது தோற்றுவித்தது. எமது பாடசாலைகளிற்கூடக் காணவியலாத ஒரு பொறுப்பு அது.

எனினும், தாய்மார் பாடத்தைப் பிழையின்றி ஒப்புவித்தனரேயன்றி, நோய் வந்தபோது கரைசலைப் போதியளவு பயன்படுத்தவில்லை என்பது விரைவிலே தெரியவந்தது. இவ்விடத்தில் 'அறியாமை' எனும் விளக்கம் முறிந்துவிடுகின்றது, அறிந்தவரும் செய்யவில்லை. பிராக் ஆய்வாளர்கள் காரணங்களைத் தேடினர். மொழி ஆய்வாளருக்குப் பெரிதும் அக்கறையூட்டும் ஒரு காரணம் அங்கு வெளிப்பட்டது. கிராம வங்காள மொழியில் இந்நோய்க்கு ஒரு பெயர் இருக்கவில்லை; நான்கு பெயர்கள் இருந்தன. பால்குடிக் குழந்தையின் இளகிய மலம் 'தூத் ஹாகா'. உணவு செரியாமையால் வருவது 'அஜீர்ண'. சீதத்துடன் போவது 'ஆமாஷா'. கொலராவை ஒத்த கடும் நீர்ப்போக்கு 'டயரியா'. பணியாளர்கள் 'டயரியா'வுக்குக் கரைசல் கொடுங்கள் என்றனர். தாய்மார் தம் சொல்லகராதிப்படி அதனைக் கடும் நோய்க்கு மாத்திரமே உரியது என விளங்கிக்கொண்டனர். அவர்கள் கேட்டது சரி, விளங்கியதும் சரி. பிழை, மக்களின் வகைப்பாட்டை அறியாது பேசியவர்களிடமே இருந்தது.

வேறு இரு காரணங்களும் தெரியவந்தன. பணியாளர்களுட் பலருக்கே இக்கரைசலில் முழு நம்பிக்கை இருக்கவில்லை. எவ்வாறு அது செயற்படுகின்றது என்பது அவர்களுக்கு விளக்கப்பட்டிருக்கவில்லை. அத்துடன், வீட்டிற் செலவையும் முடிவையும் கட்டுப்படுத்திய ஆண்கள் திட்டத்துக்கு வெளியே விடப்பட்டிருந்தனர். பின்னர் பணியாளருக்கு அறிவியல் விளக்கம் அளிக்கப்பட்டது. ஆண்களுடன் சந்தை, பள்ளிவாசல், பாடசாலை முதலிய இடங்களிற் கூட்டங்கள் நடத்தப்பட்டன. வானொலியும் துணைசெய்தது. பின்னாளிற் பொதிகளும் பரவலாகக் கிடைக்கத் தொடங்கின. 2014ஆம் ஆண்டின் தேசிய மதிப்பாய்வில், வயிற்றோட்டமுற்ற குழந்தைகளுள் நான்கில் மூன்று பங்கிற்கும் மேற்பட்டோர் பொதிக் கரைசலைப் பெற்றிருந்தனர். தலா வருமானத்தில் தன்னிலும் மேம்பட்ட பல நாடுகளைப் பங்களாதேஷ் இவ்விடயத்தில் விஞ்சி நின்றது. மக்களுக்கு விளங்காது எனக் கருதப்பட்ட அறிவு, உரிய மரியாதையுடன் கொண்டுசெல்லப்பட்டபோது அவர்தம் பொது அறிவாயிற்று.

4

அறிவு பரவிய பின்னரும் எஞ்சும் ஏற்றத்தாழ்வு எதனால் விளைகின்றது? இங்கு மலிவு எனும் சொல்லையே நாம் பரிசீலிக்கவேண்டும். மருத்துவ வழிகாட்டல்களின்படி, நீரிழப்புக்குள்ளான குழந்தைக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 75 மில்லிலீற்றர் வீதம் நான்கு மணிநேரத்துட் கரைசல் கொடுக்கப்படல் வேண்டும். எட்டுக் கிலோ நிறையுள்ள குழந்தைக்கு இது 600 மில்லிலீற்றர் ஆகும். தேக்கரண்டி ஒன்று 5 மில்லிலீற்றர் கொள்ளும் எனின், 120 தேக்கரண்டிகள். அதாவது, இரண்டு நிமிடத்துக்கு ஒரு கரண்டி வீதம் நான்கு மணிநேரம். குழந்தை வாந்தியெடுத்தாற் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் மெதுவாகத் தொடங்கவேண்டும். அதன் பின்னரும் ஒவ்வொரு முறை மலம் போகும்போதும் மேலும் கொடுக்கவேண்டும். இடையிற் பாலும் உணவும் ஊட்டவேண்டும்.

வைத்தியசாலையில் நாளவழியாக ஏற்றினால், இதே வேலையைக் கருவியும் கூலிபெறும் தாதியும் செய்வர். அவ்வுழைப்புக்கு விலை உண்டு. ஆகவே அச்சிகிச்சை 'செலவு மிக்கது' எனப்படுகின்றது. வீட்டில் அவ்வுழைப்பு தாயின் மீது சுமத்தப்படுகின்றது. அதற்கு விலை இல்லை. ஆகவே இச்சிகிச்சை 'மலிவானது' எனப்படுகின்றது. உழைப்பு மறையவில்லை, கணக்கிலிருந்துதான் மறைந்துவிட்டது. வயலிலோ, செங்கற் சூளையிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ நாட்கூலிக்கு உழைக்கும் தாய்க்கு அந்த நான்கு மணிநேரம் ஒரு நாட் சம்பளமாகும். சிலவேளை வேலையே ஆகும். நீரைத் தொலைவிலிருந்து சுமந்துவர வேண்டியவளுக்கும், விறகு தேட வேண்டியவளுக்கும், கவனிக்க வேறு குழந்தைகள் உள்ளவளுக்கும் அந்நேரம் மேலும் அரிதாகின்றது. பணிப்பெண்ணோ பாட்டியோ உள்ள நடுத்தர வர்க்க வீட்டில் அதே கரைசல் உண்மையிலேயே எளியதாகின்றது.

வர்க்கத்துடன் பால்நிலையும் இணைந்து தொழிற்படுகின்றது. பங்களாதேஷின் மட்லப் பகுதியில், வயிற்றோட்டச் சிகிச்சையும் அதற்கான போக்குவரத்தும் இலவசமாகவே வழங்கப்பட்டன. ஆண் குழந்தைகளையும் பெண் குழந்தைகளையும் நோய் ஏறத்தாழ ஒரே அளவிலேயே பீடித்தது. ஆயினும், சிகிச்சைக்குக் கொண்டுவரப்பட்ட ஆண் குழந்தைகளின் வீதம் பெண் குழந்தைகளினதிலும் 66 வீதம் உயர்ந்திருந்தது என 1981இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. கட்டணமின்மை மாத்திரம் சமத்துவத்தைக் கொணர்வதில்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. குழந்தையை எடுத்துச் செல்பவரின் ஒரு நாள், எந்தக் குழந்தைக்காகச் செலவிடத்தக்கது என்ற கணிப்பு, சொத்துரிமையும் சீதனமும் முதுமைக் காலப் பாதுகாப்பும் ஆண்மகனைச் சார்ந்து நிற்கும் சமூக அமைப்பிலிருந்தே பிறக்கின்றது.

5

அடுத்துச் சந்தையை நோக்குவோம். தென்னாசியாவின் பல பகுதிகளில் நோயுற்ற குழந்தையை முதலிற் காண்பவர் தனியார் வைத்தியர் அல்லது மருந்துக்கடைக்காரர். பெரும்பாலான நீர்த்த வயிற்றோட்டத்துக்கு நுண்ணுயிர்க்கொல்லிகள் தேவைப்படுவதில்லை. ஆயினும் அவையும், மலத்தைக் கட்டும் மருந்துகளும் தாராளமாக விற்கப்பட்டு வந்துள்ளன. பாக்கிஸ்தானில் லோபெரமைட் எனும் துளிமருந்து கொடுக்கப்பட்ட பச்சிளங் குழந்தைகள் குடல் செயலிழந்து இறந்தமை வெளிப்பட்ட பின்னரே, 1990இல் அது அந்நாட்டுச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

எல்லாவற்றையும் இலாப நோக்கு எனும் ஒரு சொல்லால் விளக்கிவிடும் போக்கும் எம்மவரிடையே உண்டு. அண்மைய ஆய்வொன்று அதனையும் மீள்பரிசீலிக்க வைக்கின்றது. இந்தியாவின் கர்நாடகம், பீகார் ஆகிய மாநிலங்களில் 2,000இற்கும் மேற்பட்ட தனியார் வைத்தியர்களிடையே நடத்தப்பட்டு, 2024இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு அது. கரைசல் எழுதிக்கொடுக்கப்படாமைக்கு மருந்து கையிருப்பின்மை 6 வீதமும், இலாப ஊக்கம் 5 வீதமுமே காரணமாயின. நோயாளர் கரைசலை விரும்பமாட்டார் என்ற வைத்தியரின் எண்ணமோ 42 வீதம் காரணமாயிற்று. பெற்றோராக நடித்துச் சென்றோர் கரைசலையே விரும்புவதாகக் கூறியபோது, வைத்தியர்கள் அதனைக் கூடுதலாக எழுதிக்கொடுத்தனர்.

இம்முடிவை நாம் மறுக்கவில்லை. அதன் வேரைத் தேடவேண்டும் என்கின்றோம். உப்பும் இனிப்பும் கலந்த நீர் 'உண்மையான மருந்து' அன்று என்ற எண்ணம் வைத்தியர் மனதிலும் மக்கள் மனதிலும் எங்ஙனம் குடிகொண்டது? மருத்துவம் பண்டமாகிய சமூகத்திற் பாவனைப் பெறுமதி பரிமாற்றுப் பெறுமதியாலேயே இனங்காணப்படுகின்றது. விலையுள்ள மாத்திரையும் ஊசியுமே மருந்தாகத் தோற்றுகின்றன. வீட்டில் விளையும் ஒன்று மருந்தாகத் தோற்றுவதில்லை. தனியொரு வைத்தியர் அந்தக் கணத்தில் இலாபத்தைக் கருதாதிருக்கலாம். அவரது எண்ணத்தை உருவாக்கிய சந்தை அங்கு ஏற்கெனவே தன் வேலையை முடித்திருக்கும். இதற்கு மறுதலையாக, பிராக் பணியாளர்கள் வந்த வீடுகளில் அக்கரைசல் விற்பனைப் பொருளாகவன்றிக் கற்பிக்கப்பட்ட அறிவாகவே நுழைந்தது.

அரசு தலையிடின் சந்தையின் போக்கு மாறும் என்பதையும் வரலாறு காட்டுகின்றது. எமது நாட்டிற் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பங்களாதேஷ் 1982இற் கொணர்ந்த தேசிய மருந்துக் கொள்கை, பயனற்றனவும் தீங்கானவையும் எனக் கருதப்பட்ட ஏறத்தாழ 1,700 மருந்துகளை விலக்க முற்பட்டு, 150 அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலை வகுத்தது. அக்கொள்கையை நிறைவேற்றியது ஓர் இராணுவ ஆட்சி என்பதும் மறைக்கத்தக்கதன்று.

6

இறுதியாக, இச்சிகிச்சையின் அரசியல் எல்லை பற்றிச் சில கூறவேண்டும். 1978இல் அல்மா ஆற்றாவிற் கூடிய மாநாடு, சுகாதாரத்தை உணவு, குடிநீர், கல்வி, மக்கட் பங்கேற்பு ஆகியவற்றோடு இணைத்து முழுமையாக நோக்கியது. அடுத்த ஆண்டிலேயே, செலவு குறைந்த சில தலையீடுகளை மட்டும் தெரிந்தெடுத்து நடத்தினாற் போதும் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. 1982 முதல் யுனிசெப் முன்னெடுத்த குழந்தை உயிர்காப்புத் திட்டத்தில் வாய்வழி நீரேற்றம் முக்கிய இடம்பெற்றது. டேவிட் வேர்ணரும் டேவிட் சாண்டர்சும் 1997இல் வெளியிட்ட நூலில் இப்போக்கைக் கடுமையாக விமர்சித்தனர். பொதி, சமூக மாற்றத்துக்குப் பதிலீடாக்கப்பட்டது என்பது அவர்தம் வாதத்தின் சாரமாகும்.

இவ்விமர்சனம் அடிப்படையிற் சரியானதே. கரைசலால் உயிர் மீண்ட குழந்தை, மறுநாளும் அதே மாசடைந்த நீரையே பருகுகின்றது. மீண்டும் மீண்டும் வரும் வயிற்றோட்டம் அதன் வளர்ச்சியை அரிக்கின்றது. ஆயினும், சமூக மாற்றம் வரும்வரை பொதி வேண்டாம் எனக் கூறும் உரிமை எவருக்கும் இல்லை. நீரிழந்த குழந்தைக்கு இருப்பது சில மணிநேரமே. கரைசலையும் குழாய்நீரையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது, இரண்டையும் வழங்க மறுப்பவர்களுக்கே வாய்ப்பாகும்.

துத்தநாக மாத்திரையின் கதை இவ்வேற்றத்தாழ்வு புதிதாகவும் உற்பத்தியாகின்றது என்பதைக் காட்டுகின்றது. கரைசலுடன் 10 முதல் 14 நாட்கள் வரை துத்தநாகம் கொடுக்கப்படின் நோயின் காலமும் கடுமையும் குறையும் என்பதால், உலக சுகாதாரத் தாபனமும் யுனிசெப்பும் 2004இல் இதனைப் பரிந்துரைத்தன. 2019இல் இரண்டும் ஒருங்கே அடங்கிய பொதி குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. இந்தியாவில் 2019–21 காலத் தேசிய மதிப்பாய்வின்படி, வயிற்றோட்டமுற்ற குழந்தைகளுட் கரைசல் பெற்றோர் 60.6 வீதம், துத்தநாகம் பெற்றோர் 30.5 வீதம் மட்டுமே. புதிய அறிவு ஒவ்வொன்றும் பழைய படிக்கட்டுகளின் வழியேதான் கீழிறங்கி வருகின்றது.

ஆகவே, இத்துறையிற் செய்யவேண்டியவை தெளிவாகவே உள்ளன. கரைசலும் துத்தநாகமும் கிராமப் பணியாளர் மூலம் வீட்டுக்கே இலவசமாகச் செல்லல் வேண்டும். அப்பணியாளருக்கு முறையான ஊதியமும், அவர் சொல்வதன் அறிவியலைக் கற்கும் வாய்ப்பும் அளிக்கப்படல் வேண்டும். மருந்துச் சந்தை கட்டுப்படுத்தப்படல் வேண்டும். தூய குடிநீரும் கழிவகற்றலும் அரசின் கடமையாதல் வேண்டும். இவற்றோடு, திட்ட அறிக்கைகள் எவற்றிலும் இடம்பெறாத ஒன்றையும் நாம் சேர்க்கின்றோம்: நோயுற்ற குழந்தையின் அருகிலிருக்கும் தாய்க்குக் கூலியிழப்பற்ற விடுமுறை வேண்டும், அவ்வேலையிற் தந்தைக்கும் சம பங்கு வேண்டும். 120 தேக்கரண்டிகளுக்கான நான்கு மணிநேரத்தை யார் தருவது என்ற வினாவுக்கு விடை காணாதவரை, அரிவாளோடு வயலுக்குச் செல்லும் தாயிடம் இச்சிகிச்சையை 'எளியது' எனக் கூறும் தகுதி எமக்கு இல்லை.